பிழைபட்ட பெயர்கள்

பெயர்ச்சொல் இடுகுறி, காரணம் என இருவகைப்படும் என்பது இலக்கணம் கற்கப் புகுவார் முதன்முதலில் நெட்டுருச் செய்யும் பாடங்களுள் ஒன்று. காரணம் யாதுமின்றி முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. பொருளின் தன்மையை நோக்கி இட்டது காரணம். ஆனால், நோக்கிய காரணமே பிழையாயிருப்பின் அப்பெயரை எவ்வகையிற் சேர்ப்பது? இவ்வினாவை யான் ஒருமுறை வகுப்பில் எழுப்பியபோது உடன் பயில்வோர் நகைத்தனர். அவர்கள் நகைத்ததிற் குற்றமில்லை. அன்று என்னிடம் எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. பிழையான காரணம் பற்றி இட்ட பெயர் வழிமறித்து நின்றமையால், மூச்சடைத்து மாளும் ஒரு நோயின் உண்மை நெடுங்காலம் மறைந்து கிடந்த வரலாறு மருத்துவத் துறையில் உண்டு. அவ்வரலாறு நம் குருதியில் ஓடும் கல்லிக்கிரீன், கைனின் என்னும் பொருள்களைப் பற்றியது. தமிழ் பயில்வோனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று விஞ்ஞானப் பிரிவு நண்பர்கள் கேட்பாராயின், பெயரைப் பற்றிய வழக்கு எங்கு நடப்பினும் அங்கே எமக்கும் ஓரிடம் உண்டு என்பதே என் விடை.

முதலிற் பொருளை விளங்கிக்கொள்வோம். குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியிலே கைனினோஜென் என்னும் பெரும் புரதம் ஒன்று கலந்து திரிகின்றது. கல்லிக்கிரீன் என்பது ஒரு நொதி, கத்தரிக்கோல் போன்றது. அது கைனினோஜெனிலிருந்து ஒரு சிறு துண்டை நறுக்கி எடுக்கும். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த அத்துண்டே பிராடிகைனின். அது இரத்தக் குழாயின் உட்சுவரைத் தொட்டால் குழாய் விரியும். சுவரணுக்களின் இடையிலுள்ள இடுக்குகள் அகன்று குருதிநீர் வெளியே கசியும். நரம்பின் நுனியைத் தொட்டால் நோவு எழும். அடிபட்ட இடம் சிவந்து வெதும்பி வீங்கி வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1950களில் லண்டன் நகரத்து ஆராய்ச்சியாளர் சிலர், மனிதர் தோலிற் கொப்புளம் எழுப்பி, அதன் மேற்றோலை நீக்கி, கண்ணாடிப் பாத்திரத்தைத் தொட்டிருந்த குருதிநீரை அவ்விடத்தில் வார்த்துப் பார்த்தனர். கடும் வலி உண்டாயிற்று. கண்ணாடி தொட்டமையால் குருதியிலுள்ள பன்னிரண்டாம் உறைவுக் கூறு விழித்தெழுந்து, கல்லிக்கிரீனை எழுப்ப, அது கைனினைப் பிறப்பித்தது என்பது பின்னர் விளங்கிற்று.

இத்துணை வல்லமையுடைய பொருளின் ஆயுளோ மிகச் சிறிது. குருதியிற் பிறந்த பிராடிகைனினில் பெரும்பங்கு ஒரு நிமிடம் முடியுமுன்னரே அழிந்துபோகும். நுரையீரலை ஒருமுறை கடந்து வருமுன் பெரும்பாலும் சிதைந்துவிடும். அதனைச் சிதைப்பதற்கென்றே சில நொதிகள் காத்திருக்கின்றன. அது மிகுதியாகப் பிறவாதபடி தடுக்கும் காவற்புரதமும் ஒன்று உண்டு. பிறப்பிப்போன், தடுப்போன், அழிப்போன் என்னும் மூவரும் தத்தம் தொழிலைச் செய்யுமளவும் பிராடிகைனின் நமக்கு நண்பன். இரத்த அழுத்தம் மிகாமற் காப்பதிலும், சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதிலும் அதற்குப் பங்குண்டு. தடுப்போன் இல்லாவிடினும், அழிப்போன் கட்டுண்டாலும், உதடும் நாவும் தொண்டையும் வீங்கும்.

இனிப் பெயர்களின் கதைக்கு வருவோம். முனிச் நகரத்தில் அறுவை மருத்துவராயிருந்த எமில் பிரே என்பார், மனிதரின் சிறுநீரை நாயின் குருதியிற் செலுத்தியபோது இரத்த அழுத்தம் தாழ்வதை 1925-26ஆம் ஆண்டுகளிற் கண்டார். பிறர் முகஞ்சுளித்து ஒதுக்கும் நீரிலே அவர் ஓர் அரும்பொருளைத் தேடினார். கிரௌட் என்னும் வேதியியலாரும் அவரும் 1928இல் அதனைக் குருதியோட்டத்தின் ‘ஹார்மோன்’ என்று பெயரிட்டு வெளியிட்டனர். முதற் பெயரே பிழை. அது ஹார்மோன் அன்று, நொதி. பின்னர் வெர்லே என்பாரும் உடன்சேர, அப்பொருள் கணையத்திலே மிகுதியாய் இருப்பது கண்டு, கணையத்திற்குரிய பழைய கிரேக்கப் பெயரிலிருந்து 1930இல் கல்லிக்கிரீன் என்னும் பெயரை ஆக்கினர். இதுவும் பாதிப் பிழையே. சிறுநீரிற் காணப்படும் கல்லிக்கிரீன் கணையத்திலிருந்து வருவதன்று. சிறுநீரகமே அதனை ஆக்குகிறது.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். குருதியிலுள்ள கல்லிக்கிரீன் வேறு. கணையம், உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம் ஆகியவற்றிலுள்ள கல்லிக்கிரீன் வேறு. முன்னது ஈரலிற் பிறப்பது. இரண்டும் வெவ்வேறு மரபணுக்களின் மக்கள். உருவிலும் பருமனிலும் ஒவ்வாதன. கைனினைப் பிறப்பிக்கும் தொழில் பற்றி இரண்டிற்கும் ஒரே பெயர் வந்து பொருந்திற்று. நிகண்டு நூலார் ஒரு சொல் பல்பொருட் பெயர் என்று ஒரு தொகுதியே வகுத்திருக்கின்றனர். மருத்துவர்க்கும் அத்தகைய தொகுதி ஒன்று வேண்டும் போலும். கணையத்துக் கல்லிக்கிரீனின் உறவினர் என்று பதினைந்து மரபணுக்களை ஒரு குடும்பமாக எண்ணுகின்றனர். அவற்றுள் கைனினைத் திறம்படப் பிறப்பிப்பது ஒன்றே. ஆடவர்க்கு விந்துச்சுரப்பிப் புற்றுநோய் உண்டோ என அறியக் குருதியில் அளந்து பார்க்கும் பொருளும் இக்குடும்பத்து மூன்றாம் பிள்ளையே. ஆயினும் கைனின் தொழிலில் அதற்குப் பங்கில்லை என்றே கூறலாம்.

பிராடிகைனின் என்னும் பெயரும் ஆராயத்தக்கது. 1949ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுச் சான் பவுலோ நகரத்தில் ரோஷா இ சில்வா, பெரால்டோ, ரோசன்பெல்ட் என்னும் மூவர், அந்நாட்டு விரியன் பாம்பாகிய ஜராராக்காவின் நஞ்சினை நாயின் குருதியோடு கலந்து ஆராய்ந்தனர். குருதியினின்று புதிதாய் ஒரு பொருள் தோன்றிற்று. கினிப்பன்றியின் குடற்றுண்டின்மேல் அதனை இட்டபோது குடல் மெல்ல மெல்லச் சுருங்கிற்று. மெல்ல அசைப்பது என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களைக் கூட்டிப் பிராடிகைனின் என்றனர். நொடிப்பொழுதில் மாயும் பொருளுக்கு மெல்லியக்கம் என்று பெயர்! இது காரணப்பெயராயினும், குடற்றுண்டு ஒன்றின் காரணமே அன்றி அப்பொருளின் காரணம் அன்று. 1960இல் அதன் அமினோ அமில வரிசையை முதலிற் படித்தவர்களும் எட்டே எழுத்து என்று கணக்கிட்டனர். அவ்வாறே வேதியியலார் செய்து பார்த்தபோது பொருள் செயலற்றுக் கிடந்தது. ஏழாமிடத்தில் புரோலின் என்னும் ஓரெழுத்து விடுபட்டிருந்தது. அதனைச் சேர்த்தபின்னரே உயிர் பெற்றது. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓரெழுத்தை விட்டுவிட்டமையாற் பொருள் கெட்ட பாடங்களோடு மல்லாடும் எமக்கு இச்செய்தி மிக நெருங்கிய உறவாகத் தோன்றுகிறது.

இவையெல்லாம் யாரையும் கொல்லாத பிழைகள். கொன்ற பிழை ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், காரணந் தெரியாமல் முகமும் கையும் வயிறும் தொண்டையும் அவ்வப்போது வீங்கும் நோயை மருத்துவர் கண்டறிந்தனர். குவிங்கே என்னும் ஜெர்மானியர் 1882இல் அதனை விளங்க எழுதினார். 1888இல் ஆஸ்லர், அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறையினரிடையே அது வழிவழியாக வருவதைக் காட்டினார். அரிய பணி, ஆனால் அவர் வழங்கிய பெயர், பரம்பரையான குழாய்-நரம்பு வீக்கம் என்பது. நரம்புத் தளர்ச்சியே காரணமென்று அக்காலத்தார் கருதினர். பெயரிலும் அதனைப் பொறித்துவிட்டனர். விளைவை எண்ணிப் பாருங்கள். திடீரென வீங்கி இரண்டு மூன்று நாளில் தானே வடியும் நோய். இடைக்காலத்தில் உடல் முற்றும் நலம். வயிற்றினுள் குடல் வீங்கும்போது தாங்கொணா வலி எடுக்கும். புறத்தே ஒன்றும் தோன்றாது. நோயின் பெயரிலேயே நரம்பு இருக்கும்போது, மனக்கலக்கத்தால் வந்தது என்று சொல்லி அனுப்புவதற்கு எவர்தாம் தயங்குவர்? குடல்வால் நோயென்று கருதி வீணே வயிற்றைக் கீறப்பெற்றோரும் பலர். தொண்டை வீங்கியோர் மூச்சின்றி இறந்தனர்.

உண்மைக் காரணம் 1960களில் வெளிவரத் தொடங்கிற்று. 1962இல் லாண்டர்மன் முதலியோர், இந்நோயாளரின் குருதியிற் கல்லிக்கிரீனைத் தடுக்கும் ஆற்றல் குறைந்திருப்பதை எழுதினர். 1963இல் டொனால்ட்சன் அம்மையாரும் எவான்ஸ் என்பாரும், காம்ப்ளிமென்ட் என்னும் நோயெதிர்ப்புப் புரதக் கூட்டத்தின் முதலாம் உறுப்பைத் தடுக்கும் புரதம் அவர்களிடம் இல்லையென்று மெய்ப்பித்தனர். இரு சாராரும் கண்டது ஒரே தடுப்புப் புரதத்தின் குறைவையே. நிலைபெற்ற பெயரோ இரண்டாவது சாரார் கண்ட தொழிலைப் பற்றியது: ‘சி-ஒன்று தடுப்பான்’. அதன்பின் என்ன நிகழ்ந்தது? வீக்கத்தை உண்டாக்கும் பொருளைக் காம்ப்ளிமென்ட் கூட்டத்தினுள்ளேயே பல்லாண்டு தேடினர். அக்கூட்டத்து இரண்டாம் உறுப்பிலிருந்து பிறக்கும் ஒரு கைனின் என்று கொள்வாரும் இருந்தனர். வீக்கம் எழும்போது நோயாளர் குருதியிற் பிராடிகைனின் பன்மடங்கு மிகுவதை 1998இல் அளந்து காட்டினர். 2002இல், தடுப்பான் இல்லாத எலிகளிடத்துப் பிராடிகைனினை ஏற்கும் வாயிலையும் நீக்கியபோது கசிவு நின்றமை கண்டு ஐயம் தீர்ந்தது. 1962க்கும் 1998க்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். பெயர் ஒன்றே இத்தாமதத்திற்குக் காரணம் என்று யான் வாதிடவில்லை. அளவிடும் கருவிகளும் அக்காலத்திற் போதா. ஒரு நிமிடமும் வாழாத பொருளைக் குழாயிற் பிடித்து அளப்பது எளிதன்று. ஆயினும் தேடுவோரின் முகத்தைப் பெயர் ஒரு திசைக்கே திருப்பி வைத்தது என்பதை மறுத்தல் அரிது. காரணம் தெளிந்தபின் மருந்து வர நெடுங்காலம் செல்லவில்லை. பிராடிகைனினின் வாயிலை அடைக்கும் இகாட்டிபன்ட் 2008இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. கல்லிக்கிரீனைக் கட்டும் லானடெலூமாப் என்னும் ஊசி 2018இலும், பெரோட்ரால்ஸ்டாட் என்னும் விழுங்கும் மருந்து 2020இலும் அமெரிக்காவில் வந்தன.

ஒரு பெயர் இரு பொருளைக் குறித்ததைக் கண்டோம். இரு பெயர் ஒரு பொருளைக் குறித்த கதையும் இதே துறையிலே உண்டு. இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளை ஆக்கும் நொதியை 1956இல் ஸ்கெக்ஸ் என்பார் கண்டு, மாற்றும் நொதி என்றார். பிராடிகைனினைச் சிதைக்கும் நொதி ஒன்றை 1967இல் எர்டாஷ் என்பாரும் அவருடைய துணைவரும் கண்டு, இரண்டாம் கைனினேஸ் என்றனர். ஒரு சாரார் அழுத்தம் உயர்வதை ஆராய்ந்தனர். மற்றொரு சாரார் அழுத்தம் தாழ்வதை ஆராய்ந்தனர். இருவர் கையிலும் இருந்தது ஒரே நொதி என்பது 1970ஐ ஒட்டித்தான் தெளிவாயிற்று.

இதற்கிடையே ரோஷா இ சில்வாவின் மாணவர் செர்ஜியோ பெரேய்ரா, அதே ஜராராக்கா நஞ்சிலே பிராடிகைனினை அழியாமற் காக்கும் கூறு ஒன்றிருப்பதை 1965இல் வெளியிட்டார். பாம்பின் சூழ்ச்சியை நோக்குங்கள்: கைனினைப் பிறப்பிக்கவும் ஒரு பொருள், பிறந்த கைனின் மாயாதிருக்கவும் ஒரு பொருள்! பெரேய்ரா அதனை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். அங்கே ஜான் வேன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் பக்லே என்பவர் ஆஞ்சியோடென்சின் நொதியின்மேல் அதனைச் சோதிக்க, நொதி அடங்கிற்று. கஷ்மன், ஒண்டெட்டி என்னும் இருவர் அமெரிக்காவில் ஸ்குவிப் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இவ்வழியைப் பின்பற்றி 1975இல் காப்டோப்ரிலைச் செய்தனர். 1981இல் அது அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. எனலாப்ரில், ராமிப்ரில் முதலியன அதன் வழித்தோன்றல்கள். உலகெங்கும் எண்ணிறந்தோரின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் இவை காத்துவருகின்றன.

இங்கே என் வாதத்தின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். இம்மருந்துகளுக்கு மருத்துவ உலகம் வழங்கும் பெயர், ஆஞ்சியோடென்சின் மாற்றும் நொதியைத் தடுப்பன என்பது. கைனினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பன என்று சொல்லினும் அதே உண்மைதான். இரு பெயருள் ஒன்று வென்று, மற்றொன்று ஏட்டின் ஓரத்திற்குப் போயிற்று. பெயரில் இல்லாதது நினைவிலும் இல்லாதாயிற்று. இம்மருந்தை உண்போரில் நூற்றுக்கு ஐவர் முதல் இருபதின்மர் வரை சளியின்றி வறட்டு இருமலால் வருந்துவர். கைனின் முதலியன அழியாமல் தங்குவதே அதற்குக் காரணமென்பர். இருமலுக்கு ஒரு பாகு, அது தீராவிடில் வேறொரு பாகு, பின்னர் மார்புப் படம் என்று நோயாளி அலைவது எங்கும் நிகழ்வது. ‘அழுத்தத்திற்கு என்ன மாத்திரை உண்கிறீர்?’ என்று ஒருவர் முதலிலேயே வினவியிருப்பின், மருத்துவர் மருந்தை மாற்ற, இருமல் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றிருக்கும்.

இருமலால் யாரும் இறப்பதில்லை. நூற்றில் ஒருவர்க்கும் குறைவானோர்க்கு, அதே மருந்தால் உதடும் நாவும் வீங்கும். மருந்து தொடங்கிய வாரத்திலும் வரலாம். பல்லாண்டு தீங்கின்றி உண்டபின்னும் வரலாம். பின்னதே அபாயமானது, நெடுநாள் உண்ணும் மாத்திரைமேல் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. நேற்றுண்ட மீனின்மேலும் கத்தரிக்காயின்மேலும் பழி விழும். ‘அலர்ஜி’ என்று பெயரிட்டு ஊசி போட்டு அனுப்பிவிடுவர். வீக்கம் தானே வடியும், ஊசிதான் வடித்தது என்று யாவரும் நம்புவர், மாத்திரை தொடரும், அடுத்த முறை தொண்டை அடைக்கும்.

அலர்ஜி வீக்கத்தை உண்டாக்குவது ஹிஸ்டமின். அது சில நிமிடங்களில் எழும். அரிப்பும் தடிப்பும் பெரும்பாலும் உடன்வரும். அட்ரினலினுக்கும் ஹிஸ்டமினை எதிர்க்கும் மருந்துகளுக்கும் பணியும். கைனின் வீக்கமோ பல மணிநேரத்தில் மெல்லப் பெருகும், அரிப்பிராது, தடிப்பிராது, அம்மருந்துகளுக்குப் பெரும்பாலும் பணியாது. புறத்தோற்றத்தில் உதடு என்னவோ ஒன்றுபோலவே வீங்கியிருக்கும். இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்குதல், கடுக்காயையும் எட்டிக்காயையும் காயென்று ஒரே பெட்டியிற் போட்டு வைப்பதை ஒக்கும். இதனால், வீக்கம் எதுவென்று ஐயமுற்றபோது அட்ரினலின் கொடுத்தலாகாது என்று யான் கூறுவதாக எவரும் கொள்ளற்க. ஐயத்தில் அதனைக் கொடுப்பதே முறை. கொடுத்தும் வீக்கம் அசையாதபோது, இது வேறொன்றாகலாம் என்று நினைக்கத் தூண்டும் பெயர் ஒன்று நம்மிடம் இருக்கவேண்டும் என்பதே என் கருத்து. மாத்திரை உண்போர் இதைப் படித்து அஞ்சித் தாமே அதனை நிறுத்திவிடுதலும் ஆகாது, மருத்துவரிடமே கேட்டறிக. நாவோ தொண்டையோ வீங்கினால் மட்டும் கேட்டுக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைக.

பெயரில் என்ன இருக்கிறது, மருத்துவர் அறிந்திருந்தாற் போதாதா என்று நண்பரொருவர் என்னை மறுத்தார். பரம்பரை நோய் ஏறத்தாழ ஐம்பதினாயிரவரில் ஒருவர்க்கு வருவது. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் ஒருவரைக்கூடக் காணாதிருக்கலாம். நள்ளிரவில் நோயாளியை முதலிற் காண்பவரும் அவர் அல்லர். தாயோ தமக்கையோ விடுதித் தோழனோதான். ‘இவன் தகப்பனாருக்கும் இப்படி வீங்கும், ஊசிக்கு அடங்காது’ என்னும் செய்தியை அறிந்தவரும் அவர்களே. அச்செய்தியைச் சொல்லத்தக்கது என்று அவர்கள் உணரவேண்டுமாயின் அவர்கள் மொழியிலே அதற்கொரு சொல் இருத்தல் வேண்டும். அலர்ஜி என்ற சொல் ஒன்றே இருக்குமிடத்தில் எல்லாம் அலர்ஜியாகவே தோன்றும்.

அச்சொல்லை நாம் எவ்வாறு ஆக்குவது? தூய தமிழில் ஒன்று புனையலாம் என்று ஆசிரியர் சிலர் கூறக்கூடும். கல்லிக்கிரீனை மொழிபெயர்க்கப் புகின், கணையத்தைப் பற்றிய கிரேக்கர் பிழையைத் தமிழிலும் குடியேற்றுவோம். பிராடிகைனினை மொழிபெயர்க்கப் புகின், மெல்லசைவு என்னும் பொருந்தாப் பெயர் வரும். காரணம் பிழையானவிடத்துக் காரணப்பெயரை மொழிபெயர்த்தலினும், அதனை இடுகுறியாகக் கொண்டு ஒலிபெயர்த்தலே தக்கது என்பது என் துணிபு. ஆகவே ‘கைனின் வீக்கம்’ என்கிறேன். கிரேக்க ஒலி சற்று உறுத்தலாம். பொய்க் காரணம் ஒன்றும் அதிலில்லை.

புதிய மருந்துகளின் விலை எளியோர்க்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அவை கிடையாத இடங்களில், தடுப்பான் அடங்கிய உறைகுருதிநீரை ஏற்றி உயிர்காப்பதும் உண்டு. விலையைக் குறைக்கும் ஆற்றல் நம் கையில் இல்லை. இந்நோயுடையோர் தம் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீட்டு வைத்துக்கொள்ளல் வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துகின்றனர். நோயின் பெயரும், செய்யவேண்டிய சிகிச்சையும் அதில் எழுதப்பட்டிருக்கும், எழுதுவது ஆங்கிலத்தில். மயங்கிக் கிடப்பவனின் பையைத் துழாவி அதனை எடுக்கும் முதற் கை, ஆங்கிலம் அறியாத ஒரு கையாகவும் இருக்கலாம். ‘கைனின் வீக்கம், அலர்ஜி அன்று, மூச்சடைக்கும், உடனே மருத்துவமனை’ என்று அச்சீட்டின் மறுபுறத்திலே தமிழில் அச்சிட்டுக் கொடுக்க ஓரணா மதிப்புள்ள மையும் செல்லாது.